மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே: காய்ச்சல் வலிப்பு வரும் குழந்தையுள்ள வீட்டுக்கு இது தேவையா?

காய்ச்சலோடு வலிப்பும் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது, பாராசிட்டமால் மருந்தோடு சேர்த்துச் சில குழந்தைநல மருத்துவர்கள், நீளும் வலிப்பை நிறுத்தும் மருந்தான மிடசோலம் மூக்கு ஸ்ப்ரேயையும் சீட்டில் எழுதித் தருகிறார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் 5 மில்லி குப்பி. சளிக்குப் போடும் ஸ்ப்ரேக்கு இருப்பது போன்ற நீண்ட மூக்குமுனை. மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. வால்பாறையை அடுத்த எஸ்டேட் ஒன்றில் வசிக்கும் எங்கள் வீட்டில், இரண்டு வயதைத் தாண்டிய மகளுக்காக இந்தக் குப்பி ஓராண்டுக்கு மேலாக இருந்துவருகிறது. ஒருமுறை அதை உண்மையிலேயே பயன்படுத்த வேண்டியும் வந்தது. சந்தையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஏறக்குறைய இதே அமைப்பில் இதை விற்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் பலவும் அந்த அமைப்பையே சேர்ந்தவை என்பதாலும் நிறுவனத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

மருந்தைப் பற்றிப் பேசுமுன், அது எந்த நோய்க்கு, எந்த நேரத்துக்கு உரியது என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஏனெனில் இதை வாங்கிய பெற்றோரில் பலர் வலிப்பு வந்த முதல் நொடியிலேயே அடித்துவிட வேண்டிய மருந்தாக இதை எண்ணுகிறார்கள். காய்ச்சல் வலிப்பு என்பது ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு, மூளைக்காய்ச்சல் போன்ற வேறு காரணம் எதுவுமின்றி, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலுமான காய்ச்சலின்போது வருவது. மேலை நாடுகளில் நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜப்பானில் இந்த விகிதம் இன்னும் அதிகம். கண்கள் மேலே செருகும், கைகால்கள் விறைத்து வெட்டி இழுக்கும், வாயில் நுரை வரும், உதடு நீலம் பாரிக்கும். பார்ப்பவருக்குக் குழந்தை கையை விட்டுப் போய்விட்டது என்றே தோன்றும். ஆனால் பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் எந்த மருந்தும் இல்லாமல் தாமாகவே நின்றுவிடுகின்றன. குழந்தை சற்று நேரம் அயர்ந்து தூங்கி, பிறகு பழையபடி எழுந்துகொள்கிறது.

ஆகவே இந்த ஸ்ப்ரே அந்தப் பெரும்பான்மைக்கு உரியதன்று. ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காத வலிப்பு, இனித் தானாக நிற்கும் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும் என்பதால், அதை மருந்தால் நிறுத்துவதற்கே இது பயன்படுகிறது. எங்கள் மகளுக்கு முதல் வலிப்பு வந்தபோது மருத்துவர் எதையும் எழுதித் தரவில்லை; அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டாவது வலிப்பு நீண்டுபோய், மருத்துவமனையில் ஊசி போட்டு நிறுத்த வேண்டி வந்த பிறகுதான் இந்தக் குப்பி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒருமுறை காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது மறுபடியும் வரக்கூடும். முதல் வலிப்பு ஒரு வயதுக்கு முன்பே வந்திருந்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வரும். எங்கள் வீட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க வேண்டுமென்றால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வால்பாறையிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது என்றாலும், இரவில் எஸ்டேட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஐந்து நிமிடம் என்பது எப்போதோ கடந்திருக்கும். தெருமுனையில் இருபத்துநான்கு மணி நேர மருத்துவமனை உள்ள கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு இதே அளவு தேவை இருக்குமா என்றால், இருக்காது.

மூக்கு வழியாக ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கைகால் வெட்டிக்கொண்டிருக்கும் ஒன்றரை வயதுக் குழந்தையின் பிஞ்சுக் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவது அனுபவமுள்ள செவிலியருக்கே கடினமான வேலை. வாய் இறுகியிருக்கும்போது விழுங்க எதையும் கொடுக்கவும் கூடாது. மூக்கின் உட்புறச் சவ்வில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால் அதில் படும் மருந்து சில நிமிடங்களில் மூளையை எட்டிவிடுகிறது. இஸ்ரேலில் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வொன்று இதைக் காய்ச்சல் வலிப்புக் குழந்தைகளிடமே சோதித்துப் பார்த்தது. பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்த வலிப்பு 44 குழந்தைகளுக்கு மொத்தம் 52 முறை வந்தது; அவற்றில், மூக்கில் மிடசோலம் தரப்பட்ட 26 முறைகளில் 23 முறை வலிப்பு நின்றது. வலிப்பை நிறுத்தும் இன்னொரு மருந்தான டயசிபாமை நரம்பில் ஏற்றிய 26 முறைகளில் 24 முறை நின்றது. மருந்தாக நரம்பூசி சற்று விரைவாக வேலை செய்தாலும், ஊசி ஏற்றுவதற்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து வலிப்பு நிற்கும் வரையிலான நேரம் மூக்கு மருந்துக்கே குறைவாக இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே இந்த நிலை என்றால், ஊசி போட ஆளே இல்லாத வீட்டில் இதன் மதிப்பு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

இனி வாங்கிய கதைக்கு வருகிறேன், ஏனென்றால் குறைகள் அங்கேதான் தொடங்குகின்றன. மிடசோலம் இந்தியாவில் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் நோயாளி, மருத்துவர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. ஆனால் அதன் காரணமாகவோ விற்பனை குறைவு என்பதாலோ சிறு ஊர்களின் மருந்துக் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை. பெரிய ஊரொன்றின் கடையில், பெயர் வேண்டாம், சீட்டில் எழுதியிருந்த அளவு கையிருப்பில் இல்லை என்று வேறொரு குப்பியை எடுத்து வைத்தார்கள். “இதும் அதே மருந்துதானுங்க, பவர்தான் கொஞ்சம் சேத்தி” என்று கவுண்டரில் இருந்தவர் சொன்ன அந்த “கொஞ்சம்” எவ்வளவு என்று பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

இந்த ஸ்ப்ரே இரண்டு அளவுகளில் வருகிறது. ஒன்றில், ஒரு முறை அழுத்தினால் 0.5 மில்லிகிராம் மருந்து வெளிவரும். மற்றொன்றில் ஒரு அழுத்தத்துக்கு 1.25 மில்லிகிராம். மூக்கில் தரும் மிடசோலத்துக்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். எங்கள் மகளின் அப்போதைய எடை 11 கிலோ, எனவே 0.5 குப்பியில் ஒரு மூக்குத்துளைக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு அழுத்தம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். அது 2 மில்லிகிராம். அதே நான்கு அழுத்தத்தை 1.25 குப்பியிலிருந்து கொடுத்திருந்தால் 5 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். இரண்டரை மடங்கு. இந்த மருந்தின் முக்கியமான ஆபத்து மூச்சு மந்தமாவது என்பதை நினைவில் வைத்துப் படித்தால், கடைக்காரர் சொன்ன “பவர்” எத்தகையது என்பது விளங்கும். இரு அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, குப்பியின் வடிவிலோ மூடியிலோ பதற்றத்தில் இருக்கும் ஒருவர் கண்டுகொள்ளும்படியான வேறுபாடு எதையும் நான் காணவில்லை. எண்ணைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எண்ணும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். நாங்கள் அந்தக் கடையில் வாங்கவில்லை. சீட்டில் இருந்த அளவையே வேறிடத்தில் சொல்லிவைத்து வரவழைத்தோம். விலை சில நூறு ரூபாய்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதே மருந்தை ஐரோப்பாவில் எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தால் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது. அங்கே 2011இல் அனுமதி பெற்ற புக்கோலம் என்னும் தயாரிப்பில், மூக்குக்குப் பதிலாகக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே மிடசோலத்தை விடுகிறார்கள். ஒரு தடவைக்கான மருந்தை மட்டும் முன்கூட்டியே நிரப்பிய ஊசியில்லாச் சிரிஞ்சுகள். வயதுக்கு ஒரு நிறம். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீல நிறச் சீட்டு ஒட்டிய 5 மில்லிகிராம் சிரிஞ்சு, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மஞ்சள் நிறத்தில் 2.5 மில்லிகிராம் என்று போகிறது அந்த வரிசை. மூக்கு வழியும் கன்னத்து வழியும் வெவ்வேறு என்பதால் இரண்டின் அளவையும் ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எண்ண வேண்டிய தேவையும் கணக்குப் போட வேண்டிய தேவையும் இல்லாமல் முழுவதையும் அழுத்திவிட்டால் போதும் என்ற ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன். அர்த்த ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவரும் தாய்க்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நம் குப்பியில் எண்ணிக்கை நம் பொறுப்பு. அதற்கு முன், புதிய குப்பியையோ நெடுநாள் சும்மா இருந்த குப்பியையோ காற்றில் சில முறை அழுத்தி, சீரான மூடுபனி போல மருந்து வரத் தொடங்கிய பிறகே மூக்கில் வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல் அழுத்தங்களில் வெறும் காற்றுதான் போகும், நாமோ மருந்து போய்விட்டதாக எண்ணிக்கொண்டிருப்போம். குப்பியைத் தலைகீழாகவோ முழுவதும் படுக்கையாகவோ பிடித்தாலும் உள்ளிருக்கும் குழாய் மருந்துக்குப் பதில் காற்றை உறிஞ்சிவிடக்கூடும். வலிப்பில் இருக்கும் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முதலுதவி. ஆனால் ஸ்ப்ரே கொடுக்கும் சில நொடிகளுக்கு மட்டும் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் குப்பியை நிமிர்த்தி வைத்துக்கொள்வதும், கொடுத்து முடித்ததும் உடனே பழையபடி ஒருக்களிக்க வைப்பதும் நடைமுறையில் இயலக்கூடியவையே. இதற்கெல்லாம் ஒத்திகை வேண்டும். சளிக்கு வாங்கிய சாதாரண உப்புநீர் ஸ்ப்ரேயை வைத்து, ஒரு தலையணையைக் குழந்தையாகப் பாவித்து நானும் கணவரும் பழகிக்கொண்டோம். அம்மாவின் அண்ணன் மனைவியான எங்கள் அத்தை அதைப் பார்த்துச் சிரித்தாலும், பிறகு தாமும் ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டார்.

அந்த ஒத்திகைதான் கைகொடுத்தது. மழைக்காலத்து இரவொன்றில், மாலையில் லேசாகச் சுட்டுக்கொண்டிருந்த உடம்பு திடீரென ஏறி, மகளுக்கு வலிப்பு வந்தது. கணவர் கைப்பேசியில் நேரம் பார்த்தார். அத்தை பழைய பழக்கத்தில், “சாவிக்கொத்தை எடுத்து அவ கையில குடு கண்ணு” என்றார். இரும்பைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்காது என்பதோடு, வாயில் கரண்டி வைப்பது போன்ற தீங்கும் அதில் இல்லை என்பதால் அவரோடு வாதாடாமல், அவரைத் துணியால் குழந்தையின் மூக்கைத் துடைக்கச் சொன்னேன். அது வெறும் சமாளிப்பன்று. சளி நிறைந்த மூக்கில் அடிக்கும் மருந்து சவ்வில் படாமல் சளியோடு வழிந்துவிடும்; காய்ச்சல் வலிப்பு வரும் குழந்தைக்கோ பெரும்பாலும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். இது இந்த மருந்து வடிவத்தின் உள்ளார்ந்த பலவீனம். எந்த நிறுவனம் தயாரித்தாலும் மாறாது. ஐந்து நிமிடம் ஆனதும் நான்கு அழுத்தங்களையும் கொடுத்தோம். சில நிமிடங்களில் வெட்டல் தளர்ந்து, மூச்சு நீளமாகி, உடம்பு தொய்ந்தது. அதன் பிறகும் 108க்குப் பேசிவிட்டு, எஸ்டேட் ஜீப்பிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

இந்தக் கடைசிப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஸ்ப்ரே கொடுத்து வலிப்பு நின்றாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். மருந்தின் தூக்கமும் வலிப்புக்குப் பிந்தைய தூக்கமும் சேர்ந்து வரும்போது, குழந்தை வெறுமனே தூங்குகிறதா, மூச்சு மந்தமாகிறதா, அல்லது மூளைக்காய்ச்சலால் நினைவு மங்குகிறதா என்பதை வீட்டில் இருப்பவரால் பிரித்தறிய இயலாது. கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, உடலில் தடிப்பு, ஒரு பக்கம் மட்டும் இழுத்தல், ஒரே நாளில் இரண்டாம் முறை வலிப்பு இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதல் முறை மருந்தில் வலிப்பு நிற்கவில்லை என்றால், மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தாலொழிய வீட்டில் மறுபடியும் அடிக்கவும் கூடாது.

பக்க விளைவுகளில் நாங்கள் கண்டது மூக்கெரிச்சல் மட்டும். விழித்ததும் மகள் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள். மிடசோலம் நீரில் கரைய வேண்டுமானால் கரைசல் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். உடலுக்குள் போய் அமிலத்தன்மை குறைந்ததும்தான் அது கொழுப்பில் கரையும் வடிவுக்கு மாறி மூளைக்குள் புகுகிறது. அந்த அமிலமே எரிச்சலுக்குக் காரணம். மருந்து வேகமாக வேலை செய்வதும் மூக்கு எரிவதும் ஒரே வேதியியலின் இரு பக்கங்கள் என்று மருத்துவர் விளக்கிய பிறகு அந்த அழுகையை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

வலிப்பு மருந்து வீட்டில் இருக்கிறது என்றாலே குழந்தைக்குக் காக்காய் வலிப்பு என்று உறவினர் முடிவு கட்டிவிடுவது இன்னொரு தொல்லை. அமெரிக்காவில் கேரின் நெல்சனும் ஜோனாஸ் எலன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, காய்ச்சல் வலிப்பு வந்த 1706 குழந்தைகளை ஏழு வயது வரை பின்தொடர்ந்தது. அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே பிற்காலத்தில் கால்கை வலிப்பு, அதாவது காக்காய் வலிப்பு, கண்டது. காய்ச்சலின்போது மட்டும் இரண்டு மூன்று நாள் குளோபசாம் என்னும் வலிப்புத் தடுப்பு மருந்தைக் கொடுத்து வலிப்பையே வராமல் தடுக்கும் முறையும் நம் மருத்துவர்களிடம் பரவலாக இருக்கிறது. அது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும் என்பதால் எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதில்லை என்பவர்களும் உண்டு. எந்த வழி என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவு செய்வதே முறை. பாராசிட்டமாலை மணி தவறாமல் கொடுத்தால் வலிப்பு வராது என்று நம்புவதில் மட்டும் பயனில்லை. அது உடம்பின் அசதியைக் குறைக்கும். வலிப்பைத் தடுப்பதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை.

என் மதிப்பீட்டில் மருந்துக்கு முழு மதிப்பெண். குப்பிக்கும் அட்டைக்கும் பாதிகூடத் தர மனம் வரவில்லை. நீண்ட வலிப்பு ஏற்கெனவே வந்த குழந்தை, மருத்துவமனைக்குத் தொலைவில் உள்ள வீடு, அடிக்கடி பயணம் செய்யும் குடும்பம் என்றால் மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சிறு வலிப்பு வந்துபோன குழந்தைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காக வாங்க வேண்டாம். வாங்கினால், மருத்துவர் எழுதிய அழுத்த எண்ணிக்கையைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் குப்பியைச் சுற்றி ஒட்டுங்கள். அதன் அருகிலேயே எந்த அளவுக் குப்பி என்பதையும் எழுதுங்கள். குழந்தையின் எடை ஏற ஏற அந்த எண்ணிக்கையும் மாறும் என்பதால் ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் அந்தச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மற்றக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், வெயில் படாமல் வைக்க வேண்டும். சமையலறை அலமாரி வேண்டாம்.

இன்னொன்றும் நிறுவனங்கள் செய்யலாம். ஓர் அழுத்தத்துக்கு 0.1 மில்லி என்ற கணக்கில் 5 மில்லிக் குப்பியில் ஐம்பது அழுத்தங்கள் இருக்கின்றன. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அது பொருத்தமான அளவு. வீட்டுக்கோ, ஆண்டு முழுவதும் நான்கு அழுத்தம் செலவாவதே அரிது. காலாவதித் தேதி வந்ததும் மீதி அத்தனையும் கழிவுதான். தூக்க மருந்து வகையைச் சேர்ந்த ஒன்று அத்தனை அளவில் வீட்டில் கிடப்பதே பொருத்தமற்றது. எங்கள் முதல் குப்பி காலாவதியானபோது, ஏறக்குறைய நிறைந்திருந்த அதை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த குப்பிக்குப் புதிய சீட்டுக் கேட்டார்கள்.